பிள்ளைத் துணிக்கு ஒரு பெயர்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நடைபாதை காணாமல் போய்விடும். சேலையும் பஞ்சாபி சூட்டும் ஜிப்பாவும் கூரையிலிருந்து தொங்க, அவற்றுக்கு நடுவே கைக்குட்டை அகலத்தில் ஒரு பட்டு வேட்டி ஆடிக்கொண்டிருக்கும். ஆறு மாதக் குழந்தைக்கான வேட்டி. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். பக்கத்திலேயே உள்ளங்கை அளவு பாவாடை சட்டை. விலையைக் கேட்பதற்கு முன்பே தாய்மார்களின் கை அதைத் தொட்டுவிடுகிறது.

இந்தக் குட்டித் துணிகளுக்குப் பின்னால் இருப்பவை பெரிய ஆலைகள் மட்டுமல்ல. அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் தையல் இயந்திரம் போட்டிருக்கும் பெண்கள், திருப்பூரிலிருந்து பனியன் துணியில் தைத்த ரொம்பர்களை வரவழைத்து டிக்டாக் லைவில் விற்கும் இளம் தம்பதிகள், பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தபோது வாட்ஸாப் குழுவில் தொடங்கிய வியாபாரத்தை விடாமல் நடத்துபவர்கள் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு சிறுதொழில் உலகம் இயங்குகிறது. இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கான தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன், இந்தியப் பெண்களுக்கான அமானா இக்தியார் மலேசியாவின் பென் திட்டம், 2024இல் பேங்க் ராக்யாட் தொடங்கிய பிரீஃப்-ஐ ஆகியவை இத்தகைய தொழில்களுக்கு முதல் தேடித் தருகின்றன.

முதல் கிடைத்ததும் பணம் எங்கே போகிறது? துணிக்கு, அச்சிட்ட லேபிளுக்கு, பிளாஸ்டிக் பைக்கு, விளம்பரப் பதாகைக்கு. இவற்றில் மூன்று, கடையின் பெயரைச் சுமப்பவை. அந்தப் பெயர் தங்களுக்கே உரியதா என்று பார்க்காமலே பலர் ஆயிரக்கணக்கான லேபிள்களை அச்சடித்துவிடுகிறார்கள். தையல் பிழைத்தால் பிரித்துத் தைக்கலாம். பெயர் பிழைத்தால் லேபிள், பை, பதாகை, சமூக ஊடகப் பக்கம், ஆயிரம் வாடிக்கையாளரின் நினைவு அத்தனையும் சேர்ந்து போகும்.

சென்ட்ரலில் ஓர் அலுவலகம், பிஜேயில் இன்னொன்று

பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போய்விடலாம், கேஎல் சென்ட்ரலில் இருக்கிறது மெனாரா எஸ்எஸ்எம். மலேசிய நிறுவன ஆணையத்தின் தலைமையகம். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தனி வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இணையத்திலும் முடித்துவிடலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர் தனக்குச் சொந்தமாகிவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது.

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. எஸ்எஸ்எம் சான்றிதழ், இன்னார் இன்ன பெயரில் தொழில் நடத்துகிறார் என்பதற்கான பதிவு. அந்தப் பெயரைத் துணியில் பதித்து விற்கும் தனியுரிமையை அது தருவதில்லை. ஒரே மாதிரியான வணிகப் பெயரை இருவேறு ஊர்க்காரர்கள் பதிந்து வைத்திருப்பதும் நடக்கிறது. தனியுரிமை வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் பெட்டாலிங் ஜெயாவில், பிஜே சென்ட்ரலில் உள்ள மெனாரா மைஐபிஓ. மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகம் அங்கேதான் வணிகச் சின்னங்களைப் பதிவு செய்கிறது. முதல் அலுவலகத்துக்குப் போனவர்களில் பலர் இரண்டாவதன் வாசலை மிதித்ததே இல்லை.

ஜாலான் ஈப்போவின் எட்டு ஆண்டுகள்

பெயரை வைத்து ஒரு சிறுகடை எவ்வளவு தூரம் இழுபடக்கூடும் என்பதற்கு மலேசியத் தமிழர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 1999இல் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் சுப்பையா குடும்பத்தினர் ஓர் உணவகம் திறந்தார்கள். ரெஸ்டோரன் மெக்கரி. கோழிக் கறியும் ரொட்டியும் பரிமாறும் நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைதான். பெயர், மலேசியன் சிக்கன் கரி என்பதன் சுருக்கம் என்றார்கள். மெக்டோனல்ட்ஸ் அதை ஏற்கவில்லை. 1982இல் புக்கிட் பிந்தாங்கில் முதல் கிளை திறந்து, நாடெங்கும் பரவிவிட்ட அந்நிறுவனம், தன் பெயரின் முன்பகுதியை எடுத்துக்கொண்டு தன் நற்பெயரில் சவாரி செய்கிறார்கள் என்று 2001இல் வழக்குத் தொடுத்தது.

2006இல் உயர் நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கேயே முடிந்திருந்தால் இதுவும் பெரியது சின்னதை விழுங்கிய கதைகளில் ஒன்றாகிப் போயிருக்கும். குடும்பம் மேல்முறையீடு செய்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. நீதிபதிகள் பெயரை மட்டும் தனியே பிரித்து எடை போடவில்லை, கடையை முழுதாகப் பார்த்தார்கள். மெக்டோனல்ட்ஸின் அடையாளம் தங்க நிற வளைவு. மெக்கரியின் பலகையில் இருந்ததோ இரு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டும் ஒரு கோழி, கூடவே மலேசியன் சிக்கன் கரி என்ற சொற்கள். ஒன்று பர்கர் விற்கிறது, மற்றது இந்திய உணவு பரிமாறுகிறது. மெக்டோனல்ட்ஸ் தன் உணவுகள் பலவற்றுக்கு மெக் என்ற முன்னொட்டைச் சூட்டுகிறது. மெக்கரியின் உணவுப் பட்டியலில் ஒரு வகைக்குக்கூட அது கிடையாது. இங்கே சாப்பிட வருகிறவர் மெக்டோனல்ட்ஸின் கிளை என்று நினைத்து ஏமாற வழியில்லை என்பது முடிவு. 2009 செப்டம்பர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸுக்கு மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. செலவுத்தொகையாக 10,000 ரிங்கிட் கொடுக்கவும் உத்தரவிட்டது.

செய்தி உலகம் முழுவதும் ஓடியது. நம் மக்கள் பெருமைப்பட்டதும் நியாயமே. ஆனால் ஒரு சிறுவணிகர் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வெற்றியை மட்டுமல்ல, அதன் கால அளவையும்தான். எட்டு ஆண்டு. தினமும் கல்லா எண்ண வேண்டிய குடும்பம், அந்த எட்டு ஆண்டும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் சேர்த்து நடந்தது. கூடத்தில் ஒரு தையல் இயந்திரத்தோடு தொழில் செய்பவரால் அதில் எட்டு மாதம்கூடத் தாங்க முடியாது.

தவிர, அந்தத் தீர்ப்பு முன்னொட்டை எல்லாருக்கும் திறந்துவிட்ட சீட்டும் அல்ல. சிங்கப்பூரின் ஃபியூச்சர் என்டர்பிரைசஸ் நிறுவனம் மேக்டீ, மேக்நூடுல்ஸ் போன்ற பெயர்களை மெக்டோனல்ட்ஸின் எதிர்ப்பை மீறி 2004இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தக்கவைத்துக்கொண்டது. அதே நிறுவனத்தின் மேக்காஃபி என்ற பெயர் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றத்தில் 2016இல் தோற்றது. ஒரே நிறுவனம், ஒரே வகைப் பெயர், இரண்டு விடை. புகழ்பெற்ற ஒரு பெயரைப் பாதியாக வெட்டி, பின்னால் பேபி என்றோ கிட்ஸ் என்றோ ஒட்டவைக்கும் ஆசை வரும்போது இந்த இரண்டாவது விடையும் கண்முன் நிற்க வேண்டும்.

சில்லறைக் கடை அலமாரியிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சிப்ஸ்மோர் பிஸ்கட்டுக்கு எதிரே சிப்ஸ்பிளஸ் என்று ஒன்று வந்தது. டானோன் நிறுவனம் ஹுவா தாய் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது, கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2010இல் டானோன் பக்கம் தீர்ப்பளித்தது. சாதாரணச் சொற்கள்தானே, யாரும் பயன்படுத்தலாம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. வாங்க வருகிறவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கியால் பார்ப்பதில்லை. மங்கலான நினைவோடு கையை நீட்டுகிறார். அந்த நினைவு குழம்புமா என்பதுதான் கேள்வி.

எந்தப் பெயர் நிற்கும்

குழந்தைத் துணி வியாபாரத்தில் பெயர்கள் ஒரே குளத்தில் முகந்த நீராகவே இருக்கின்றன. பேபி, குட்டி, செல்லம், லிட்டில், கியூட். பொருள் என்ன, யாருக்கானது என்பதை அப்படியே சொல்லிவிடும் பெயர் விளம்பரத்துக்கு எளிது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதுதான் மிகப் பலவீனமான பெயர். குழந்தைத் துணியைக் குழந்தைத் துணி என்று சொல்லும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் எதைச் சொல்லி விற்பார்கள்? உலகப் பெருநிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிளே தன் டயபருக்கு வைத்த பேபி-டிரை என்ற பெயரைப் பதிய முடியாமல் திணறி, 2001 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த்தான் வெற்றி பெற்றது. அவ்வளவு தூரம் போகும் வசதி நமக்கில்லை.

பொருளோடு ஒட்டாத சொல், குடும்பத்தில் மட்டும் புழங்கும் ஒரு செல்லப் பெயர், இரண்டு ஓசைகளைச் சேர்த்துக் கட்டிய புதுச்சொல் ஆகியவை வலுவாக நிற்கும். வாயில் எளிதாகப் புரள்வதும் முக்கியம். மலேசியாவில் 2023இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 4 லட்சத்து 55 ஆயிரம், 2024இல் ஏறத்தாழ 4 லட்சத்து 15 ஆயிரம் என்கிறது புள்ளியியல் துறை. சந்தை சுருங்குகிறது. இந்தியக் குழந்தைகள் அதில் சிறு பகுதியே. ஆகவே மலாய்த் தாயும் சீனத் தாயும் கடைப்பெயரைக் கேட்டதும் திரும்பச் சொல்ல முடிய வேண்டும், லைவில் கேட்டதை ஷாப்பியில் எழுத்துப் பிழையில்லாமல் தேட முடிய வேண்டும். தமிழ் எழுத்திலேயே சின்னம் அமைக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். விண்ணப்பத்தோடு அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் இணைத்துக் கொடுத்தால் போதும்.

சிலர் பெயரை விட்டுவிட்டு, பொருளைக் குறிக்கும் சொல்லில் மாட்டிக்கொள்கிறார்கள். மலேசியாவில் நாம் ரொம்பர் என்று சொல்லும் உடையை அமெரிக்கத் தாய்மார்கள் ஒன்சீஸ் என்கிறார்கள். அமெரிக்காவில் அது கெர்பர் சில்ட்ரன்ஸ்வேர் நிறுவனத்தின் பதிவு பெற்ற சின்னம். அங்குள்ள வாடிக்கையாளருக்கு இணையத்தில் விற்கும் கிள்ளான் தையல்காரர் அந்தச் சொல்லைத் தலைப்பில் போட்டால், விற்பனைப் பக்கம் முடக்கப்படலாம். பாடிசூட் என்று போட்டால் தொல்லையில்லை. குட்டி வேட்டியின் இடுப்பில் வைத்துத் தைக்கிறோமே அந்த ஒட்டும் பட்டை, வெல்க்ரோ என்று ஊரே அழைப்பது, அதுவும் ஒரு நிறுவனத்தின் சின்னம்தான்.

கார்ட்டூனும் கதாநாயகனும்

முதல் பிறந்தநாள் என்றால் இன்று ஒரு கருப்பொருள் வேண்டும். கேக்கில் இருக்கும் பொம்மையே குழந்தையின் சட்டையிலும் இருக்க வேண்டும். கோகோமெலன், பேபி ஷார்க், பெப்பா பிக், அப்புறம் நம் ஊர் உப்பின் இப்பின். வாடிக்கையாளர் படத்தை வாட்ஸாப்பில் அனுப்புகிறார், பெயரையும் வயதையும் சேர்த்து அச்சிட்டுக் கேட்கிறார். அச்சு இயந்திரம் வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் சட்டை தயார்.

கேட்டதைத்தானே செய்துகொடுத்தோம் என்ற சமாதானம் சட்டத்தின் முன் நிற்காது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அனுமதியில்லாத பிரதி ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம், ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. ஒரே வடிவில் மூன்று பிரதிகளோ அதற்கு மேலோ கைவசம் இருந்தாலே அவை சொந்த உபயோகத்துக்கு அல்ல என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவருடையது. பதிவு பெற்ற சின்னத்தைப் பொய்யாகப் பொறித்த பொருளை விற்றால் 2019ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் குறுக்கே வருகிறது. தனிநபர் என்றால் பொருள் ஒன்றுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாற்பது சட்டை தொங்கும் ஒரு சிறு கடைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

உப்பின் இப்பினைப் படைத்த லெஸ் கோப்பாக் நிறுவனம் கண்காணாத தேசத்தில் இல்லை, ஷா ஆலமில் இருக்கிறது. 2007இல் நோன்பு மாதச் சிறு தொடராகத் தொடங்கிய அந்தப் படைப்பு, உடையும் பொம்மையுமாக உரிமம் பெற்ற பொருள்கள் வழியே வளர்ந்திருக்கிறது. அந்த உழைப்பும் மலேசியர்களின் உழைப்புதான். நம் வடிவமைப்பை இன்னொருவர் அப்படியே எடுத்து அச்சடித்தால் நம் வயிறு எரியாதா? இன்னொரு வாதமும் காதில் விழுகிறது: மிக்கியின் பழைய படத்துக்கு உரிமை முடிந்துவிட்டதே என்பார்கள். 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்தானவை 1928ஆம் ஆண்டின் ஸ்டீம்போட் வில்லி போன்ற தொடக்ககாலப் படங்களும் அவற்றிலுள்ள மிக்கியின் வடிவமும் மட்டுமே. டிஸ்னியின் வணிகச் சின்னங்கள் அப்படியே இருக்கின்றன.

நம் சமூகத்துக்கே உரிய இன்னொரு சோதனை, திரை நட்சத்திரங்கள். 2016இல் மலேசியாவைக் களமாகக் கொண்டு கபாலி வந்தபோது ரஜினிகாந்தின் முகம் இங்கே சட்டைகளில் நிறைந்தது. அவருடைய பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இலேயே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தது. 2023 ஜனவரியில் தன் பெயர், படம், குரல் ஆகியவற்றை அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் நடவடிக்கை எடுப்பதாக அவர் தரப்பில் பொது அறிவிப்பும் வந்தது. 2017இல் மெர்சல் படத்தின் தலைப்பையே தயாரிப்பாளர்கள் வணிகச் சின்னமாகப் பதிந்தார்கள். ரசிகர் மனம் வேறு, விற்பனைப் பொருள் வேறு என்று திரையுலகம் கோடு போட்டுவிட்டது.

கோடு தெரியாமல் கடக்கும் இடம் ஒன்று திருப்பூரில் இருக்கிறது. பெரிய வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தைத்ததில் மிஞ்சியது என்று சொல்லி, அந்நிறுவன லேபிளோடு குழந்தைத் துணிகள் கிலோ கணக்கில் கிடைக்கும். உரிமையாளரே சந்தையில் விற்ற அசல் பொருளை வாங்கி இறக்குமதி செய்வது ஒரு வகை. 1988இல் பானடோல் மாத்திரை தொடர்பான வின்த்ராப் வழக்கில் மலேசிய உயர் நீதிமன்றம் அத்தகைய இறக்குமதியில் தவறில்லை என்றது. நிறுவனம் வேண்டாம் என்று ஒதுக்கியதை, அதன் சம்மதமில்லாமல் அதன் பெயரோடு விற்பது வேறு வகை. மூட்டையை அவிழ்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசத்தைக் காட்டுவது பில்லும் அனுமதிக் கடிதமும் மட்டுமே. லேபிள் இல்லாத வெற்றுத் துணியாக வாங்கி, சொந்த லேபிளை வைத்துத் தைப்பது கொஞ்சம் கூடுதல் வேலை. ஆனால் விற்கும் ஒவ்வொரு சட்டையும் சொந்தப் பெயரை வளர்க்கும்.

விற்பனையின் நாட்காட்டி

இரவல் முகம் இல்லாமல் விற்பனை நடக்குமா என்று தயங்குபவர்கள் குழந்தைத் துணியின் தனித்தன்மையை யோசிக்க வேண்டும். வேறெந்த உடை வியாபாரத்திலும் வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம் திரும்பி வருவதில்லை. பிறந்த மூன்று மாதத்தில் ஓர் அளவு, ஆறு மாதத்தில் ஓர் அளவு, ஒன்பதில் இன்னொன்று. நடுவே நம் வீட்டு விசேஷங்கள். முப்பதாம் நாள் சடங்கு, பெயர் சூட்டல், முடியிறக்கல், காதுகுத்து, முதல் பொங்கல், முதல் தைப்பூசம், முதல் தீபாவளி. ஒரு குழந்தையின் பிறந்த தேதியைத் தாயின் சம்மதத்தோடு குறித்து வைத்திருக்கும் கடைக்கு இரண்டு ஆண்டு வியாபாரம் அந்த ஒரு தேதியிலேயே இருக்கிறது. பெயர் சூட்டலுக்கு வாங்கிய வீட்டுக்கு, முடியிறக்கும் மாதம் நெருங்கும்போது அனுப்பும் ஒரு குறுஞ்செய்தி ஆயிரம் பேருக்குப் போகும் விளம்பரத்தைவிட அதிகம் விற்றுத்தரும்.

லைவில் துணியைத் தூக்கிக் காட்டினால் மட்டும் போதாது. அளவு நாடாவை மேலே வைத்துச் சென்டிமீட்டரைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் என்ற லேபிள் ஒவ்வொரு ஆலைக்கும் ஒவ்வொரு அளவு. மூன்று முறை துவைத்த சட்டையையும் புதுச் சட்டையையும் அருகருகே காட்டும் விற்பனையாளரை நம்பாமல் எப்படி இருக்க முடியும்? கோலாலம்பூர் வெயிலுக்குப் பட்டு உறுத்தும் என்று தெரிந்து உட்புறம் பருத்தி வைத்துத் தைத்திருந்தால், உட்புறத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். அதேவேளை, நூறு விழுக்காடு பருத்தி என்றோ ஆர்கானிக் என்றோ வாய்க்கு வந்தபடி சொல்லக் கூடாது. பொய்யான விவரிப்பு 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். துணி விற்ற ஆலையிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு சொல்லலாம்.

வாடிக்கையாளர் அனுப்பும் குழந்தைப் படங்கள் மிகச் சிறந்த விளம்பரம். தாய் தந்தையிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு படத்தையும் பதிவேற்றக் கூடாது, கேட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். பிள்ளையின் முகம் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று மின்வணிக விதிமுறைகளே சொல்லிவிட்டன. விலைக்கு பிஎம் பண்ணுங்கள் என்ற பழக்கத்தை விட்டொழிப்பது சட்டத்துக்கும் நல்லது, வியாபாரத்துக்கும் நல்லது.

ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதைக் கடையாக இருந்தாலும், பத்துமலையில் தைப்பூசத்துக்குப் போடும் பந்தலாக இருந்தாலும், பெயர்ப் பலகை ஆண்டுதோறும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் இருக்கட்டும். அந்தப் பலகையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். முதல் பில், முதல் லேபிளின் அச்சு ரசீது, முதல் லைவின் பதிவு ஆகியவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மலேசியச் சட்டத்தில் ஒரு பெயரை முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்புண்டு. பதிவு செய்யாமலே ஒரு பெயரால் நற்பெயர் ஈட்டியவர், அதைப் போலி செய்பவர் மீது வழக்குப் போடலாம். நிரூபிக்கத் தாள் வேண்டும், அவ்வளவே.

கடிதம் வந்தால்

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று இரவே பெயரை மாற்றி, இருந்த லேபிளையெல்லாம் கிழித்தவர்களும் உண்டு. நோட்டீஸைக் குப்பையில் போட்டு, லைவில் அனுப்பியவர்களைத் திட்டி வம்பை வளர்த்தவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அவர்கள் குறிப்பிடும் பதிவு எண்ணை மைஐபிஓவின் இணையத் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். உயிரோடு இருக்கும் பதிவா, எந்த வகுப்பில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, அந்தத் தேதிக்கு முன்பே நாம் விற்றோமா என்று பார்த்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் அறிவுசார் சொத்துரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். 2019 சட்டத்தின் 61ஆம் பிரிவு, அடிப்படையில்லாமல் வழக்கு மிரட்டல் விடுபவர் மீது நிவாரணம் கேட்கவும் இடம் தருகிறது. எல்லாச் சூழலுக்கும் அது பொருந்தாது என்றாலும், நோட்டீஸ் வந்ததாலேயே நாம் குற்றவாளி ஆகிவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

பேசித் தீர்க்கும் வழியும் உண்டு. பிரான்ஸின் லக்கோஸ்ட்டும் சிங்கப்பூரில் டான் ஹியான் சின் நிறுவிய குரோக்கடைலும் முதலையைச் சின்னமாகக் கொண்ட இரண்டு சட்டை நிறுவனங்கள். 1983இல் உடன்பாடு செய்துகொண்டு மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட நாடுகளில் அக்கம்பக்கமாக விற்கிறார்கள். அந்த உடன்பாட்டில் இந்தியா இல்லை. அங்கே நீண்ட காலம் வழக்காடி, 2024 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் லக்கோஸ்ட் வென்றது. சின்னத்தின் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் துணி வியாபாரத்தில் கிடைக்காது.

பிஜே சென்ட்ரலில் என்ன நடக்கும்

ஏஜெண்டு இல்லாமலே மலேசியர் ஒருவர் தாமே விண்ணப்பிக்கலாம். முதல் வேலை தேடல். அதே பெயர், அதே ஓசை, அதே தோற்றம் என்று மூன்று விதமாகவும் தேட வேண்டும். கே என்ற எழுத்தை சி ஆக்கிவிட்டால் பெயர் வேறாகிவிடாது, காதுக்கு இரண்டும் ஒன்றே. உடைகளுக்கு 25ஆம் வகுப்பு. பல நிறுவனங்களின் துணிகளை விற்கும் கடையாக நடத்தினால் சில்லறை விற்பனைக்கான 35ஆம் வகுப்பும் தேவைப்படும். பொருள் விவரத்தை மைஐபிஓ முன்கூட்டியே ஏற்றுவைத்திருக்கும் பட்டியலிலிருந்து எடுத்தால் வகுப்பு ஒன்றுக்கு 950 ரிங்கிட், சொந்தமாக எழுதினால் 1,100 ரிங்கிட். நல்ல துணியில் தைத்த சில டஜன் ரொம்பர்களின் விலை. ஆய்வில் தேறினால் அறிவிப்பு வெளியாகும், எதிர்ப்புத் தெரிவிக்க மற்றவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. அது விண்ணப்பத் தேதியிலிருந்து பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். தொடர்ந்து மூன்றாண்டு பயன்படுத்தாமல் பெட்டியில் பூட்டி வைத்தால் மற்றவர் நீதிமன்றம் போய் நீக்கச் சொல்லலாம். பதிவு ஆகும் முன்பே வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போட்டுக்கொள்வது குற்றம். அதுவரை டிஎம் என்று போடலாம்.

விண்ணப்பத்தில் உரிமையாளர் யார் என்ற கட்டம்தான் குடும்பங்களைப் பிரித்துப் பார்க்கும் இடம். அக்காவும் தங்கையும் சேர்ந்து தொடங்கிய தொழில், தோழிகள் இருவர் சேர்ந்து வளர்த்த பக்கம், கணவர் பெயரில் எஸ்எஸ்எம், மனைவி கையில் தையல். சண்டை இல்லாத நாளில் இதைப் பேசி எழுதிக்கொள்வது எளிது. பெயர் யாருக்கு, பிரிந்தால் யார் விலை கொடுத்து எடுத்துக்கொள்வது, சமூக ஊடகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு அந்தக் கட்டத்தை நிரப்பினால் போதும்.

சிங்கப்பூர் தேக்காவிலும் தமிழகத்திலும் விற்க நினைப்பவர்களுக்கு நேரமும் முக்கியம். வணிகச் சின்னங்களைப் பல நாடுகளில் பதிய உதவும் மாட்ரிட் நெறிமுறையில் மலேசியா 2019 டிசம்பர் 27 அன்று இணைந்தது. 2019 வணிகச் சின்னச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே நாள்தான். அன்று முதல் மைஐபிஓ வழியாகவே ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூர், இந்தியா போன்ற நாடுகளையும் குறிப்பிட முடிகிறது. மலேசியாவில் விண்ணப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதைச் செய்துவிட்டால், இடையில் வேறொருவர் அங்கே அதே பெயருக்கு விண்ணப்பித்திருந்தாலும் முந்திய தேதி மலேசிய விண்ணப்பதாரருக்கே கணக்காகும்.